489 எப்படி 200 ஆகிறது? எலக்ட்ரிக் கார் பயணத் திட்டங்களை வாசிப்பது பற்றி

எலக்ட்ரிக் காரில் முதல்முறை வெளியூர் போகிறவர்களுக்கென்று எழுதப்படும் ஆலோசனைகளைக் கொஞ்ச காலமாகச் சேர்த்துவைத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். வழித்தடம் போட்டுத் தரும் ஆப்கள், "ஃபுல் சார்ஜில் எவ்வளவு ஓடும்" வீடியோக்கள், கார் கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள், சார்ஜர் பக்கங்களில் ஆட்கள் விட்டுச்செல்லும் குறிப்புகள் என எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எழுத்து வகை என்று எடுத்துக்கொள்ளலாம். சிரிக்காதீங்க, நிஜமாகவே இதற்கென்று மரபுகளும் தேய்ந்த வாக்கியங்களும் வந்துவிட்டன. ஒரு புத்தகத்தை விமர்சிப்பதுபோல இதையும் விமர்சிக்க முடியும். புத்தகம் மோசமாக இருந்தால் மூடி வைத்துவிடலாம். இது மோசமாக இருந்தால் பெரம்பலூர் பக்கத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த வகையின் மூலச்சொல் "ரேஞ்ச் ஆங்ஸைட்டி". சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம். இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 2010-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தச் சொற்றொடரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் கைகொடுக்கும் வோல்ட் காரை அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த நேரம் அது. பயத்துக்கு ஒரு பெயர் இருந்தால் மருந்தை விற்பது சுலபம். நான் குறை சொல்வது அந்த வியாபாரத்தை அல்ல, அந்தச் சொல் நம் கவனத்தைத் திருப்பிவிடும் திசையை. ரேஞ்ச் என்றதும் எல்லோரும் காரையே பார்க்கிறார்கள். ஆனால் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் காரால் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்திலிருக்கும் சார்ஜரால்.

சரி, முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். டாடா நெக்ஸான் 45 யூனிட் பேட்டரி கார், ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடியது. (யூனிட் என்றால் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான், கிலோவாட்-மணி. இந்தக் கட்டுரை முழுக்க அப்படியே சொல்கிறேன்.) அதன் அறிவிக்கப்பட்ட ரேஞ்ச் 489 கி.மீ. இந்த எண் சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் காரை ஓட வைத்து எடுக்கப்படுவது. இந்தியச் சோதனைச் சுழற்சியில் வேகம் 90-ஐத் தாண்டுவதில்லை, பெரும்பகுதி நகரத்து மெதுவோட்டம், ஏசி கிடையாது. அதே கம்பெனி 2024-லிருந்து "சி75" என்று இன்னொரு எண்ணும் தருகிறது. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நிஜ ரோட்டில் கிடைக்கக்கூடியது என்று அதற்கு விளக்கம். அது 350-ஐ ஒட்டி வருகிறது. தன் எண்ணையே தானே திருத்திச் சொல்வது நல்ல விஷயம், பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் பயணத் திட்டம் போட 350-ம் உதவாது.

ஏன் என்று பாருங்க. முதல் சார்ஜ் வீட்டில், அது நூறு சதவீதம். அதற்கப்புறம் வழியில் போடும் ஒவ்வொரு சார்ஜையும் 80-ல் நிறுத்திவிடுவீர்கள், அதற்கு மேல் மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். கீழே 15-க்கு வந்தால் நெஞ்சு படபடக்கும். ஆக வழியில் உங்கள் கையிலிருப்பது 65 சதவீதம், அதாவது 29 யூனிட். நாலு வழிச்சாலையில் 85, 90 வேகத்தில் ஏசியோடு போனால் நூறு கிலோமீட்டருக்கு 14.5 யூனிட் என்று என் கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன். 29-ஐ அதனால் வகுத்தால் 200 கி.மீ. இதுதான் முதல் நிறுத்தத்துக்கு அப்புறம் உங்கள் நிஜமான கால்நீளம். விளம்பரத் தாளில் 489, ரோட்டில் 200. யாரும் பொய் சொல்லவில்லை, அந்த இரண்டு எண்களும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

நூறிலிருந்து பூஜ்ஜியம் வரைக்கும் ஓட்டி, கடைசியில் கார் நின்றுபோவதைப் படம் பிடிக்கும் வீடியோ வகையில் எனக்கு மரியாதை குறைந்ததும் இதனால்தான். அதில் நாடகம் இருக்கிறது. கடைசிப் பதினைந்து நிமிடம் ஆமை படம் மீட்டரில் வந்ததும் நமக்கே வியர்க்கும். ஆனால் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற எவரும் அந்தக் கடைசி 15 சதவீதத்தைத் தொடப்போவதில்லை. தேவைப்படாத தகவலை இவ்வளவு சிரமப்பட்டுச் சேகரிக்கும் இன்னொரு வகை எனக்குத் தெரிந்து கிரிக்கெட் புள்ளிவிவரம்தான். அந்த நேரத்தில் 80 வேகத்தில் எவ்வளவு, 100 வேகத்தில் எவ்வளவு என்று இரண்டு ஓட்டம் எடுத்துக் காட்டியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். 200 கி.மீ. தூரத்தை 90-க்குப் பதில் 100-ல் ஓட்டினால் 13 நிமிடம் மிச்சம். அதற்குச் சுமார் 5 யூனிட் கூடுதலாகச் செலவாகும் என்று வைத்தால், 30 கிலோவாட் சார்ஜரில் அதைத் திரும்ப ஏற்ற 10 நிமிடம். மிச்சம் பிடித்தது மூன்று நிமிடம். பெட்ரோல் காரில் வேகமாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பது நம் உடம்பில் ஊறிய கணக்கு, இங்கே அது கிட்டத்தட்ட செல்லாது. ட்ராஃபிக் ஜாமும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக. நின்றுகொண்டிருக்கும் எலக்ட்ரிக் கார் ஏசிக்கு மட்டும்தான் மின்சாரம் தின்னும். செங்கல்பட்டு நெரிசலைப் பார்த்து சார்ஜ் போய்விடுமே என்று பயப்பட வேண்டியதில்லை.

இனி ஆப்கள். என் அக்கா கார் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தானே ஓட்டிப் போவதாக முடிவு செய்து, ஆப் போட்டுக் கொடுத்த திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். மொத்தம் சுமார் 530 கி.மீ. முதல் நிறுத்தம் பெரம்பலூர், வீட்டிலிருந்து 270 கி.மீ., போய்ச் சேரும்போது 13 சதவீதம் இருக்கும். அங்கே சார்ஜ் போட்டு நேரே திண்டுக்கல். அங்கே கொஞ்சம் போட்டுக்கொண்டு மலை ஏற்றம். இரண்டே நிறுத்தம். பார்க்க ரொம்ப அழகான திட்டம்.

கணக்காகப் பார்த்தால் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. 270 கி.மீ.க்கு 39 யூனிட், மீதி 6, அது 13 சதவீதம்தான். பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் மின்சாரம் வேகமாக ஏறும் என்பதால், குறைந்த சார்ஜில் போய் இறங்கு என்பது நேரத்தைக் குறைக்க நினைக்கும் எந்தக் கணிப்பொறியும் சொல்லக்கூடிய பதில். என் விமர்சனம் அது எழுப்பிய கேள்வியைப் பற்றி. பெரம்பலூரில் அந்த ஒரு சார்ஜர் ஓடவில்லை என்றால்? முன்னால் திருச்சி 60 கி.மீ., அதற்கு ஒன்பது யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வேணும். பின்னால் உளுந்தூர்பேட்டை 70 கி.மீ., அதற்குப் பத்து. கையில் இருப்பது ஆறு. அந்தத் திட்டத்தில் இந்த வாக்கியம் எங்கேயும் இல்லை. சார்ஜர் என்பது மலைபோல, ஆறுபோல எப்போதும் அங்கேயே இருக்கிற ஒன்று என்று ஆப் எடுத்துக்கொள்கிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

நான் அக்காவுக்கு எழுதி அனுப்பியது: முதல் நிறுத்தத்தை 200 கி.மீ.யில் உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுவா. அங்கே 35 சதவீதத்தோடு இறங்குவாய். அது ஓடவில்லை என்றால் பெரம்பலூர் வரை போக 10 யூனிட் போதும், அப்போதும் 13 சதவீதம் மிஞ்சும். ஓடினால் 80 வரை போட்டுக்கொண்டு திருச்சியில் 38-ல் இறங்கலாம். திருச்சி பெரிய ஊர், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று.

"ஆப்ல இது இருபது நிமிஷம் அதிகமா காட்டுதே டா?" என்றாள்.

"அக்கா, அந்த இருபது நிமிஷம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. ஒண்ணும் ஆகலைன்னா வேஸ்ட்டுதான்."

இதைத்தான் ஆப்கள் காட்ட வேண்டும் என்பது என் வாதம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இப்போது ஒரு எண் காட்டுகிறார்கள், இத்தனை சதவீதத்தோடு போய்ச் சேருவீர்கள் என்று. பக்கத்தில் இன்னொரு எண் வேணும்: இந்த இடம் கைவிட்டால் அடுத்த இடத்துக்கு எத்தனை சதவீதத்தோடு போவீர்கள்? அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் சிவப்பில் காட்டட்டும். போய்ச் சேரும்போது குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று நாமே நிர்ணயிக்கும் வசதி சில ஆப்களில் உண்டு. அதை 30-க்கு உயர்த்திவைத்தால் ஓரளவு இதே பலன் வரும். ஆனால் முதல்முறை போகிறவர் அமைப்புகளுக்குள் போய் அதைத் தேடுவாரா? தொடக்கத்திலேயே பயம் தெளியாதவருக்கு ஏற்றபடி வைத்து, தேறியவர்கள் குறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம்.

80 சதவீத விதியைப் பற்றியும் ஒன்று சொல்லணும். இதை எல்லோரும் வேதவாக்குபோல ஒப்பிக்கிறார்கள். அது நேரச் சிக்கனத்துக்கான விதி, பின்னால் காத்திருப்பவர்களுக்கான மரியாதையும்கூட. பத்திரமாகப் போய்ச் சேருவதற்கான விதி இல்லை. சாப்பிட உட்கார்ந்துவிட்டீர்கள், பின்னால் யாரும் நிற்கவில்லை, அடுத்த சார்ஜர்மேல் நம்பிக்கை இல்லை என்றால் 90 வரை விடுங்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது.

அரசாங்கத் தாள்களும் இந்த எழுத்து வகையில் சேர்த்திதான். 2022 ஜனவரியில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்றன. நகரங்களில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று. குறிக்கோளாகச் சரிதான். ஆனால் எண்ணிக்கையும் இடைவெளியும் அளக்கச் சுலபமானவை என்பதால் அவற்றையே அளக்கிறோம். ரோட்டில் போகிறவனுக்கு 25 கி.மீ.க்கு ஒன்று வேணும் என்பதில்லை, 80 கி.மீ.க்கு ஒரு இடத்தில் நாலு கருவி, அதில் மூன்றாவது ஓடுகிற மாதிரி இருந்தால் இன்னும் நிம்மதி. அப்புறம் இந்தக் கிலோவாட் விஷயம். பலகையில் 60 கிலோவாட் என்று போட்டிருக்கும், இரண்டு துப்பாக்கி தொங்கும். நீங்கள் தனியாக இருந்தால் 60. பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் பல கருவிகளில் ஆளுக்கு 30 ஆகிவிடும். அரை மணியில் முடியும் என்று நினைத்தது முக்கால் மணியைத் தொடும். இதைத் திட்டத்தில் சேர்க்க வழி உண்டு: 60 என்று போட்டிருந்தால் 30 என்றே கணக்கு வையுங்கள். வேகமாக முடிந்தால் லாபம்.

நான் அதிகம் நம்புவது சார்ஜர் பக்கங்களில் ஆட்கள் எழுதிவிட்டுப் போகும் ஒற்றை வரிக் குறிப்புகளை. அவற்றையும் வாசிக்கத் தெரிய வேண்டும். நட்சத்திரங்களைப் பார்க்காதீங்க, ஒரு வருஷத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரத்தால் ஒரு யூனிட்கூட ஏறாது. கடைசியாக வெற்றிகரமாகச் சார்ஜ் ஆனது எப்போது, எந்தக் கார், எத்தனை கிலோவாட் வந்தது என்ற மூன்றையும் பாருங்கள். நேரத்தையும் பாருங்கள். எல்லாக் குறிப்பும் பகல் பத்திலிருந்து மாலை ஆறுக்குள் என்றால் அது கார் ஷோரூம் வளாகமாக இருக்கும், ராத்திரி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். "செக்யூரிட்டி அண்ணன் நல்லா உதவி செஞ்சார்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது பொன்னான தகவல். அங்கே ஒரு மனுஷன் இருக்கிறார் என்று அர்த்தம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு வாலட் என்ற அபத்தத்தைப் பற்றித் தனியாக எழுதலாம். கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டு வைஃபையில் எல்லாவற்றையும் பதிவு செய்து, பணமும் போட்டுவைத்துவிட வேண்டும் என்பதோடு விடுகிறேன்.

மனுஷன் இருக்கிறாரா என்பது சின்ன விஷயம் இல்லை. இந்த ஆலோசனைகளை எழுதுபவர்களில் பெரும்பாலோர் தனியாகவோ நண்பர்களோடோ போகும் ஆண்கள் என்று மொழியிலேயே தெரிகிறது. "காருக்குள்ளேயே ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்" என்பார்கள். எழுபத்தி மூன்று வயதில் சர்க்கரையும் முழங்கால் வலியும் உள்ள அம்மாவுக்கு நாற்பது நிமிட நிறுத்தம் என்றால் மேற்கத்திய கழிப்பறை, உட்கார நாற்காலி, நேரத்துக்குச் சாப்பாடு. அக்கா மாதிரி ஓட்டுகிற பெண்ணுக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும். விழுப்புரம் தாண்டி எங்கே பார்த்தாலும் கும்பகோணம் டிகிரி காபி போர்டு தொங்குகிற இந்த ரோட்டில் நல்ல நிறுத்தங்களுக்குப் பஞ்சமில்லை, நம் ஊர்க் குடும்பங்கள் அவற்றைத் தலைமுறையாகத் தேர்ந்துவைத்திருக்கின்றன. முதலில் அந்த நிறுத்தங்களைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் சார்ஜர் இருக்கிறதா என்று தேடுவது, சார்ஜரைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் டாய்லெட் தேடுவதைவிட நல்ல முறை. அக்கா இதை நான் சொல்லாமலேயே செய்துவைத்திருந்தாள்.

மலைக்கு வருவோம், இங்கேதான் பொது ஆலோசனைகள் ரொம்பத் தடுமாறுகின்றன. திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் கிட்டத்தட்ட 100 கி.மீ. ஏற்றம் சுமார் 1,800 மீட்டர். கார், ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 1,800 கிலோ என்றால், அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 9 யூனிட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 10. ரோட்டில் ஓடுவதற்கான 12 தனி. மொத்தம் 22 யூனிட், பேட்டரியில் பாதி. திருச்சியில் 80 போட்டுக்கொண்டு கிளம்பினால் திண்டுக்கல்லில் 48 சதவீதம் இருக்கும். பார்க்க தைரியமாக இருக்கும், மீட்டரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகலாம் என்று காட்டும். பல கார்களின் மீட்டர் இதுவரை வந்த சமதளத்தை வைத்துச் சொல்வது அது, முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. நம்பி ஏறினால் ஏரியைப் பார்ப்பதற்குள் பூஜ்ஜியம். ஆகவே திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ 80 ஆக்கிக்கொண்டுதான் ஏறணும். மேலே போய்ச் சேரும்போது 30-ஐ ஒட்டி இருக்கும்.

மேலே வேகச் சார்ஜர் தேட வேண்டிய அவசியமில்லை. தங்கும் இடத்தில் எர்த் ஒழுங்காக உள்ள 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று போனில் கேட்டால் போதும். கீசருக்குப் போடுவார்களே, அதே பிளக். மணிக்கு 3 யூனிட் ஏறும், தூங்கி எழுவதற்குள் வேலை முடியும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தன் அம்மா வீட்டுக்கு, சுமார் நூறு கி.மீ., கணவர் செய்த காரை ஓட்டிப் போனார். உலகத்தில் அப்போது பெட்ரோல் பங்க் என்று ஒன்றே கிடையாது. வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் துணிக்கறை நீக்கும் லிக்ரோயின் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். வேறு எதற்கோ ஏற்கெனவே ஊரில் இருந்ததை அவர் எரிபொருள் நிலையமாகப் பார்த்தார். 15 ஆம்பியர் பிளக்கும் எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆப்களின் வரைபடத்தில் அது பெரும்பாலும் புள்ளியாக வருவதில்லை.

பயணம் முடிந்துவிட்டது. உளுந்தூர்பேட்டையில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது, அந்த இருபது நிமிடம் வேஸ்ட்தான். திருச்சியில் முதலில் போன இடத்தில் இரண்டு கார் வரிசையில் நிற்க, ஊருக்குள் இன்னொரு இடத்துக்குப் போய்ச் சாப்பாட்டு நேரத்திலேயே முடித்துவிட்டார்கள். கொடைக்கானலில் கிளம்புகிற அன்று காலை எனக்கு போன் வந்தது. 90-ல் பிளக்கைப் பிடுங்கு என்று நான் எழுதியிருந்ததைப் பற்றி.

"ஃப்ரீயா ஏறுது, பத்து சதவீதத்தை எதுக்குடா விட்டுட்டுப் போகணும்?"

இறங்கும்போது கார் மோட்டாரையே பிரேக்காக்கி அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்குள் திருப்பி அனுப்பும். பேட்டரி நூறில் நிரம்பியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. பிடிமானம் குறைந்து, கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க வெறும் பிரேக் கட்டையை நம்பித்தான் இறங்க வேண்டியிருக்கும். எவ்வளவு நிரப்பலாம் என்று மட்டுமே பேசும் ஆலோசனைகளில் இந்த வரி அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது. அக்கா 88-ல் பிடுங்கிவிட்டுக் கிளம்பினாள். வத்தலக்குண்டில் மீட்டர் 87 காட்டியது என்று படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.